தலைகீழாக ஒட்டிய நிலா

கண்ணு,

இன்று காலை உன் படம் சுவரிலிருந்து விழுந்தது. மாலை போட்டு மாட்டிய படம் இல்லை, அது ஆணியில் பத்திரமாக இருக்கிறது. நீ வேலை பார்த்த அந்தச் சனிக்கோள் நிலாவின் ரேடார் படம். மழை ஈரத்தில் சுவர் ஊறி, செல்லோ டேப் ஒவ்வொரு மூலையாக விட்டுக்கொண்டு, சரசரவென்று இறங்கித் தரையில் சுருண்டுகொண்டது.

"இன்னாயா சத்தம்?" என்று சமையலறையிலிருந்து உன் அம்மா கேட்டாள்.

"நிலா வுழுந்துட்ச்சி."

"எடுத்து ஒட்டு."

ஒட்டினேன். ஒட்டிவிட்டு, திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று உனக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. தாளிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

நீ அதை முதன்முதலில் கொண்டுவந்த சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து அந்தச் சுருளைத் தோளில் சாத்திக்கொண்டு துப்பாக்கிக்காரி மாதிரி நடந்து வந்தாய். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். பள்ளிக்கூடம்தான் எனக்கு விடை கொடுத்தது என்று உன் அம்மா திருத்துவாள். ஆனாலும் மகள் ஆராய்ச்சி செய்கிற படம் சுவரில் இருக்க வேண்டும் என்று, நீ முகம் கழுவி வருவதற்குள் எடுத்து ஒட்டிவிட்டேன்.

"இன்னா நைனா, தலகீழா ஒட்டிகினு கீற?"

"நிலாவுக்கு ஏதும்மா தல, காலு?"

"மலையெல்லாம் பள்ளமா தெரீது பாரு."

பிய்த்து, திருப்பி ஒட்டினாய். நான் குழி என்று நினைத்ததெல்லாம் குபுக்கென்று மேடாக எழும்பியது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் கண் நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் படத்தைத் திருப்பினால் ஏமாந்துபோகும் என்றாய்.

அப்புறம் ஒரு தட்டு இட்லி ஆறிப்போகிற அளவுக்குப் பாடம் நடத்தினாய். அந்த நிலாவை எந்நேரமும் புகை மூடியிருக்கும், போகியன்று காலையில் ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி. சாதாரணக் கேமரா எடுபடாது. அதனால் விண்கலம் பக்கவாட்டிலிருந்து ரேடார் அலையை வீசும், திரும்பி வருவதைப் பிடித்துப் படமாக்கும். கல்லும் கரடுமாக இருக்கிற இடம் நிறையத் திருப்பி அனுப்பும், வெள்ளையாகத் தெரியும். வழவழவென்று இருக்கிற இடத்தில் பட்டு அலை அந்தப் பக்கமாகச் சறுக்கிப் போய்விடும், கறுப்பாகத் தெரியும். அங்கே கல் என்பதே பனிக்கட்டிதான், குளிரில் நம்ம ஊர்ப் பாறை மாதிரி இறுகிக் கிடக்கிறது.

"மனை போட்டு விக்கறாங்களா அங்க?" என்று கேட்டேன். "கேளம்பாக்கத்துக்கு வெகு அருகில்னு நோட்டீஸ் அடிச்சா வாங்கறதுக்கு ஆளு கீது."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் எப்போதும் உளறுவேன். வீட்டில் நான் பேசியதில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டதுதான். அதுவே ஒருநாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

படத்தின் ஓரத்தில் மை கொட்டியது போல ஒரு இடம் இருந்தது. அது ஏரி என்றாய், தண்ணீர் இல்லாத வேறு ஏதோ திரவம். "இங்க ஒண்ணுமே இல்லியா?" என்று விரல் வைத்துக் கேட்டேன்.

"கறுப்புன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல நைனா. நாம அனுப்பினது நம்ம கைக்குத் திரும்பி வர்ல, அவ்ளோதான்."

அடுத்து வந்த ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்த ஐந்து நாளும் உன் பக்கத்திலேயே இருந்தேன், நீ அறியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்.

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் போனோம். அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை. எப்போதும் அடித்துப் புரட்டுகிற கடல், மெழுகிவிட்ட தரை மாதிரி படுத்துக் கிடந்தது. எனக்கு அந்தக் கறுப்பு ஏரி நினைவுக்கு வந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், சத்தமாக. கரையில் சங்கு விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், சுவரிலிருந்த படத்தைப் பிய்த்துத் தலைகீழாக ஒட்டியது. உன் அம்மா பார்த்தாள். பிய்ந்து விழுந்த டேப்பைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

போன மாதம் உன்னோடு படித்த நிவேதா வந்தாள். திருநெல்வேலிப் பெண், வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். நீ பாதியில் விட்ட வரைபடத்தை அவள்தான் முடித்துக்கொண்டிருக்கிறாளாம். உன் பெயரோடுதான் வெளிவருமாம். லேப்டாப்பைத் திறந்து, ஒரு மலை அடிவாரத்தில் விசிறி மாதிரி விரிந்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"அங்கிள், எல்லாரும் இத ஆறு கொண்டாந்து போட்டதுன்னுதான் சொல்லுவாங்க. இவ மட்டும் மலை சரிஞ்சு விழுந்ததுன்னு குறிச்சிருக்கா. காரணம் எழுதுற எடத்துல ‘நைனா சொன்னது’ன்னு மட்டும் இருக்கு. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் திரையை உற்றுப் பார்த்தேன்.

"காரணம் கெடைக்கலன்னா அந்த எடத்த மாத்திடச் சொல்லிட்டாரு எங்க புரொபசர். வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

நான் என்ன சொன்னேன்? நான் என்னதான் சொல்லவில்லை! மனை விற்கலாம் என்றேன். அங்கே ஒரு டீக்கடை போட்டால் பால் திரியாது என்றேன். உளறிய ஆயிரத்தில் ஒன்றை நீ எடுத்து முடிந்து வைத்திருக்கிறாய், அது எது என்று எனக்கே தெரியவில்லை. உன் வேலையில் என் பேரை நம்பி விட்டுப்போன ஒரே ஒரு இடம், என் மறதியால் அழியப்போகிறது. அந்தப் பெண் போன பிறகு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"பொழுதினிக்கும் பேசிகினே இருப்பியேயா. அத்த மட்டும் மறந்துட்டியா?"

மூன்று நாள் பேய் பிடித்தவன் போலத் திரிந்தேன். சோற்றுத் தட்டில் குழம்பு ஓடினால் கறுப்பு, சாதம் வெள்ளை. படத்தின் முன்னால் நின்று விசிறியைத் தேடினேன். தலைகீழாக இருந்ததால் அது குழிக்குள் ஊற்றிய மாவு போலத் தெரிந்தது.

வியாழக்கிழமை, திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கள் கல்குவாரியில் நான் ஓட்டுகிற பொக்லைன் கேபினில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிப்பர் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கல்லைக் கொட்டியது. தூசி அடங்கியது. பொடியும் சில்லும் குவியலின் உச்சியிலேயே தங்கிவிட்டன. பெரிய கற்கள் மட்டும் உருண்டு உருண்டு அடிவாரத்துக்கு ஓடி நின்றன.

"ஏன் நைனா பெரிசு மட்டும் அம்மாந்தூரம் ஓடுது?"

சத்தியமாகச் சொல்கிறேன், கேபினுக்குள்ளேயே கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காலி.

காய்ச்சலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே குவாரிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டாய். நான் பெரிய மேதாவி போலக் கையை ஆட்டிச் சொன்னேன்: "ஆறு ஒரு சோம்பேறிம்மா. கனமானத முதல்லியே எறக்கி வெச்சிட்டு, லேசானத மட்டும் தூக்கிகினு போவும். நம்ம பாலாத்துல பாரு, கடல்கிட்ட வெறும் பொடிமணலுதான். கொட்றது அப்டி இல்ல. கொட்னா பெரிசுதான் முந்திகினு ஓடும்."

நீ சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்துவிட்டு செல்போனில் ஏதோ எழுதினாய். நான் பார்த்தேன். யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறாய் என்று நினைத்தேன்.

இன்ஜினை நிறுத்திவிட்டு நிவேதாவுக்கு போன் போட்டேன். இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை கேட்டது, அப்புறம் நின்றது.

"அங்கிள், அந்த விசிறியோட அடி ஓரம்தான் ரொம்ப வெள்ளையா இருக்கு. மேல மங்கலா இருக்கு."

"அப்ப பெரிய கல்லு கீழ கீது. அது கொட்னதும்மா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியதுதான் முதலில் ஓடும் என்று உனக்குச் சொன்னவன் நான். நம் வீட்டில் மட்டும் ஆள் மாறிப்போனது.

இன்று மத்தியானம் நிவேதா மறுபடி வந்தாள், அச்சான வரைபடத்தோடு. உன் பெயர் முதலில் இருக்கிறது. அந்த விசிறிக்கு நீ வைத்த நிறமே இருக்கிறது, மலை சரிந்து விழுந்தது என்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. எதையும் அடித்துச் சொல்ல முடியாதாம், இன்னொரு கலம் போய்ப் பார்க்கிறவரை அது கேள்விக்குறிதானாம். என் பேச்சுக்கு இதுவரை யாரும் கேள்விக்குறி அளவு மரியாதைகூடக் கொடுத்ததில்லை. உன் அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவுரு சொன்னதா இது?" என்று மூன்று தடவை கேட்டாள்.

கிளம்பும்போது நிவேதாவின் கண் சுவரில் பட்டது.

"அங்கிள், இது தலைகீழா இருக்கு."

அதே வார்த்தை. வேறு குரல். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிவேதா ஸ்டூலை இழுத்துக்கொண்டு படத்தைப் பிய்க்கப் போனாள்.

"இருக்கட்டும்மா," என்றேன். "அத்த திருப்பறதுக்கு ஆளு கீது."

அவள் கையை எடுத்துவிட்டாள். நான் டேப்பின் நான்கு மூலைகளையும் கட்டை விரலால் இன்னொரு முறை அழுத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

உன் நைனா