பாற்சர்க்கரைக்குப் பெயர் வைத்த அண்ணனுக்கு

என் பிரியமான சூசை அண்ணே,

உன் ரசாயனப் புத்தகம் இன்னும் அச்சேறவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, நான் நடையாய் நடந்ததுதான் மிச்சம். ஹைஸ்கூலில் தமிழிலேயே பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள், இனி உன் புத்தகத்தைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று நம்பினேன்.

நேற்று பதிப்பாளர் கூப்பிட்டுவிட்டார். "டீச்சரம்மா, பாடமெல்லாம் தங்கம். ஆனா பாற்சர்க்கரை, பழச்சர்க்கரைன்னு எழுதியிருக்காரே, இது அடுப்படிப் பேச்சு. லாக்டோஸ், ஃபிரக்டோஸ்னு மாத்திக் குடுங்க. அண்ணன் பேரை அட்டையில பெருசாப் போட்டுருவோம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! லத்தீனில் 'லாக்' என்றால் பால்தானே, 'ஃபிரக்டஸ்' என்றால் பழம்தானே? நீதானே சொல்லித் தந்தாய். வெள்ளைக்காரன் பாலைப் பார்த்துப் பெயர் வைத்தால் விஞ்ஞானம், நீ வைத்தால் அடுப்படியா? நம் நாட்டுச் சர்க்கரையே அரபிக்காரர் வாயில் ஏறிக் கடல் தாண்டி, 'ஓஸ்' என்று வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு சுக்ரோஸாகத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு மட்டும் நாற்காலி போடுகிறார்கள். பதிப்பாளரிடமே இதைச் சொன்னேன். "இம்புட்டு வெவரம் யாரும்மா கேக்குறா?" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

உன் மேலும் கோபம்தான். குளுகோஸுக்கு மட்டும் ஏன் இடத்தைக் காலியாக விட்டாய்? கிரேக்கர்களின் இனிப்புத் திராட்சை ரசத்திலிருந்து வந்த பெயர், அது நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்றாய். பதநீர்ச் சர்க்கரை என்று வைக்கச் சொன்னேன். "அதுல இருக்கிறது வேற சர்க்கரை, கழுதை! தப்பான பேருக்கு இங்கிலீஷே தேவலை" என்று தலையில் அடித்துக்கொண்டாய். காய்ச்சலில் கிடந்தபோதும் "நாளைக்கு யோசிப்போம்" என்றாயே. எந்த நாளைக்கு அண்ணே?

உன் பெயரை அட்டையில் தடவிப் பார்க்க அம்மா காத்திருக்கிறாள். அவளுக்காகவே பேனாவை எடுத்தேன். பாற்சர்க்கரையை அடிக்க மனசு வரவில்லை.

இன்று வகுப்பில் மேலூர்ப் பிள்ளை ஒருத்தியிடம் லாக்டோஸ் என்றால் என்ன என்று கேட்டேன். முழித்தாள். பாற்சர்க்கரை என்றேன்.

"பால்ல இருக்கிற சர்க்கரை. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?" என்றாள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை.

கைப்பிரதியை நான் திருத்திக் கொடுக்கப் போவதில்லை. அம்மாவிடம் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன். வருஷா வருஷம் என் வகுப்பில் உன் சொற்களைத்தான் சொல்வேன். குளுகோஸின் இடம் நீ விட்டபடியே இருக்கும், தப்பான பெயரை அதில் எழுத மாட்டேன். இது சத்தியம்.

அட்டையில் உன் பெயரைப் பார்க்கக் கொடுத்துவைக்காத,
உன் தங்கை அன்னம்மா