தரையோடு ஒரு நாற்காலி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். பாப்பாவின் இருமல் நின்றதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நான் தச்சு வேலைக்கு வந்த இந்த ஊரில் ஒரு மழலையர் பள்ளியில், நம் பாப்பாவைப் போலவே நடக்க முடியாத ஒரு குழந்தைக்கு நாற்காலி செய்து கொண்டுபோனேன். பெல்ட், தட்டு எல்லாம் கச்சிதம். டீச்சர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. மத்த புள்ளைங்க தரையில இருக்க, இவ மட்டும் மகாராணி மாதிரி மேல உக்காந்து யாரோட விளையாடுவா?" என்றார். சுருக்கென்றது. அங்கேயே நாற்காலிக் கால்களை அறுத்து, அவளைப் பிள்ளைகளுக்கு நடுவே தரையோடு உட்கார வைத்தேன். பத்தே நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளை இவள் பொம்மையைப் பிடுங்கியது. இவள் அந்தப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த இவள் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நம் பாப்பா நடந்த பிறகு பள்ளிக்கு அனுப்பலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். தப்பு. நாளைக்கே பள்ளிக்குப் போய்க் கேள். முடியாது என்றால் காரணம் கேள், சும்மா திரும்பாதே. முதலில் சில நாள் நீயும் கூட இரு. அங்கே பிள்ளைகள் உட்காரும் உயரத்தை அளந்து அனுப்பு, அதே உயரத்தில் நம் பாப்பாவுக்கும் நாற்காலி செய்கிறேன்.

பாப்பா பேசுவதையும் பதிவு செய்து அனுப்பு, நீளமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லை, என் குரலே எனக்குக் கேட்பதில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. முதல் நாள் அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று மறக்காமல் எழுது.

பாப்பாவின் அப்பா