பிரேக் பேட் யாரிடம் மாற்றுவது?

“கம்பெனி சர்வீஸ்ல விட்டா சொத்தையே எழுதிக் கேப்பாங்க.”

“உங்க மெக்கானிக்கிட்ட விட்டா வாரண்டி போயிடும்ங்க.”

நேற்று இந்த இடத்தில்தான் நீங்கள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன்பிறகு நான் ஒரு கூத்து செய்துவிட்டேன். பிரேக் விஷயமாயிற்றே என்று, வண்டியை எடுத்துப்போகக் கம்பெனி ஆளை வரச் சொன்னேன். அப்புறம் உங்களுக்கு மனசு கோணுமே என்று மெக்கானிக் அண்ணனையும் கூப்பிட்டுவிட்டேன். இரண்டு பேரும் காலையிலேயே வருவார்கள். நான் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சாப்பாடு ஹாட்பாக்ஸில்.

போன வாரமே வண்டியை இரண்டு இடத்திலும் காட்டியாயிற்று. கம்பெனியில் டிஸ்கையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். அண்ணன் பேட் மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வது சரியென்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

பி.கு.: ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். கம்பெனிப் பெண், “பேட் இவ்வளவு சீக்கிரம் தேயாதே மேடம், வண்டிய யார் ஓட்டுறாங்க?” என்றாள். அண்ணனோ, “தம்பி பறந்துபோய்க் கடைசி நிமிஷத்துலதாம்மா மிதிக்கிறான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. கோபப்படுவீர்களோ என்று கல்யாணமான நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் நானும், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வருகிறேன். யார் சரிசெய்தாலும் சரி, கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்களேன்.