நேத்து ஊட்டுக்கு யாரு வந்தாங்க?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னிமலைக்குத் துக்கம் விசாரிக்க வந்தவள், உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று டம்ளர் நாட்டுச்சர்க்கரைக் காப்பி குடித்தேன். எனக்குச் சர்க்கரை நோய். ஊருக்கே பத்தியம் சொல்கிற டயட்டீஷியன் வேறு. ஆள் வர வர உன் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்து ஊற்றினார்.

"அவ இருந்தா உங்களைச் சும்மா உட்டிருப்பாளாங்க? குடிங்க."

மாலை போட்ட படத்தில் உனக்கு ஒரே தாடை. எனக்கு இரண்டு. அந்த இடத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது, போ.

காப்பி வாசனையில் பழைய ஆஸ்பத்திரி நினைவு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் நாம் இருவரும் கோயமுத்தூரில் உணவியல் முடித்து, டயட்டீஷியன் பதிவுத் தேர்வுக்கு முன்னால் அங்கே பயிற்சிக்குப் போனோம். காலியாக இருந்தது ஒரே வேலை. நம்மில் ஒருத்திக்குத்தான் என்று உணவுப் பிரிவுக்குத் தலைவியான மேடம் சொல்லிவிட்டார். நான் கலோரி அட்டவணையை மனப்பாடம் செய்தேன். நீ நோயாளிகளிடம் அவர்கள் வீட்டு எருமை கன்று போட்டதை விசாரித்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி வந்தார். சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்றது. நேற்றுச் சாப்பிட்டதையெல்லாம் கப்பு, கரண்டி காட்டிக் கேட்டேன். இரண்டு இட்லி, ஒரு சர்க்கரையில்லாக் காப்பி என்றார். உத்தமர்! மேடம் என்னை முறைத்தார். நீ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாய்.

"ஏனுங்க, நேத்து ஊட்டுக்கு யாரு வந்தாங்க?"

"காலைல தேங்கா ஏவாரி வந்தாருங்க. அப்பறம் சம்பந்தி ஊட்டுக்காரங்க. பொழுதோட சொசைட்டிக்காரரு…"

"அவங்க காப்பி குடிக்கறப்ப நீங்க?"

"வந்தவங்களைக் குடிங்கனு சொல்லிப்போட்டு நாம வாயைப் பாத்துட்டு உக்கார முடியுங்களா? கூடவே ஒரு டம்ளர். அது அவங்களுக்குப் போட்டதுங்க அம்மணி, என்ற கணக்குல வராதுங்க!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். நீ சிரிக்காமல், "உங்க டம்ளர்ல மட்டும் சக்கரையில்லாத சுக்குமல்லித் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. வந்தவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாய். அடுத்த முறை வந்தபோது அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. வேலை உனக்கு என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் பேக்கரியில் நான் தேங்காய் பன்னை ஆத்திரமாகப் பிய்த்துத் தின்றேன். எதிரே உட்கார்ந்து, "ஏம்புள்ள, பொறாமைல எத்தனை கலோரி?" என்று கேட்டாய். நான் அடுத்த பன்னுக்குக் கை நீட்டினேன்.

இன்றும் புதிதாக எந்த நோயாளி வந்தாலும் நான் அட்டவணையை எடுப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உன் கேள்வியைத்தான் கேட்கிறேன். "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க!" என்று அவர்கள் வியக்கும்போது உன் பெயரைச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். அத்தனை வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் அந்த வேலையில் நீ ஒரு நாள்கூட உட்காரவில்லை. அந்த மாதமே கல்யாணம் முடிவாகி சென்னிமலைக்குப் போய்விட்டாய். அந்த நாற்காலியில் அன்றிலிருந்து உட்கார்ந்திருப்பவள் நான்தான்.