மூன்றாம் பக்கத்து அறிவிப்பு

லாத்தாவுக்கு ஸலாம்.

தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். ஜாபிர் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மசாலாப் பொட்டலம் கட்டத் தொடங்கி, மூன்று கடை வைத்து, இன்று கனடா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருக்கிறாய். அங்கே நீ பர்மாச் சிறைகளைப் பற்றிப் பேசியதை ரேடியோவில் கேட்டோம். மறுநாளே வார்டு அதிகாரி இங்கே அலோன் பேட்டையில் நம் கடைக்கு வந்துவிட்டான். வாப்பாவை 'ஊ' போட்டு மரியாதையாகத்தான் கூப்பிட்டான்.

"ஊ பீர், மக அங்கே பெரிய ஆளாயிட்டா. உங்க லைசென்ஸ் இங்கேதானே இருக்கு?"

பிள்ளையை விலக்கிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டால் விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் பல குடும்பங்கள் அப்படித்தான் பிழைக்கின்றன. வாப்பா மறுத்தார்.

"பெத்த புள்ளைய இல்லேன்னு எழுதுறதுக்குப் பதிலாக் கடைய மூடிட்டுப் போறேன்."

உம்மாவின் மருந்து அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. நாள் தவறினால் மூச்சுத் திணறுகிறது. அதனால் அந்த அறிவிப்பை வாப்பா பெயரில் நானே எழுதிக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து வாப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

யாராவது அதை உனக்குக் காட்டினால், வாப்பா உன்னை விலக்கினார் என்று நம்பாதே. அது என் வேலை. கோபத்தை என்மேல் வை.

எங்களுக்காகப் பயந்து வாயை மட்டும் மூடிவிடாதே. மூடினால், அடுத்த அறிவிப்பை மனதார எழுதுவேன்.

உன் தம்பி