ஸ்பூன் காமாட்சியின் பெண்

மே 11, செவ்வாய், 1999

காலையிலிருந்தே கொளுத்துகிற வெயில். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மத்தியானம் வந்து சேர்ந்தோம். தங்கம் பிரித்துக் கொட்டிய மண், அந்த சயனைடு மேட்டுப் புழுதி கண்ணில், காதில், சீப்பில். லீவுக்கு ஊட்டி போகலாம் என்றார் இவர். நான்தான் கே.ஜி.எஃப்., எங்கள் தங்கவயல்தான் என்று பிடிவாதம். "உங்க ஊருக்கு வந்து லாட்ஜிலயா தங்குவாங்க?" என்று ரயில் முழுக்கக் கிண்டல்.

துரை பங்களா. அப்போது சுரங்கக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ், இப்போது பலகையில் 'ஹெரிடேஜ் லாட்ஜ்'. போர்ட்டிகோவில் அந்த இரண்டு சிமென்ட் சிங்கங்கள் அப்படியே. ஒன்றுக்கு மூக்கு இல்லை. அதுவும் அப்படியே.

வரதராஜு வாசலுக்கே வந்தான். அன்றைக்கு இங்கே மேனேஜர். இன்றைக்கு லாட்ஜே அவன் கையில்.

"வாங்க மேடம், வாங்க சார். பைய உடுங்க, நா எடுத்தாறேன்."

தலை நரைத்திருக்கிறது. குரல் அதே குரல். என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பின்பக்கம் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்த குழந்தைதானே நான். முன்படியில் ஏறக்கூடாது. இன்று ஏறினேன். செருப்போடு. வேண்டுமென்றே மெதுவாக.

ரூம் நம்பர் மூன்று. பிரம்பு நாற்காலி, கணப்பு அடுப்பு, சொட்டுகிற குழாய். கொசுவலையில் ஓட்டை. ஊசி நூல் கேட்க வேண்டும்.

எதற்கு வந்தேன் என்று ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அம்மா இங்கே ஆயா. நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு கோடை லீவில் வெள்ளி சர்க்கரை ஸ்பூன் காணாமல் போனது. தங்க வந்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அம்மாவை போர்ட்டிகோவில் நிறுத்தினான் வரதராஜு. ஒருவரும் சொல்லாமலே அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

எங்கள் ஸ்கெலட்டன் லைனில், சுரங்கக் கூலிகளின் அந்த வரிசை வீடுகளில், யாராயிருந்தாலும் அப்படித்தான் தூக்கியிருப்பார்கள். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டில் சோதனை. தங்கம் ஒளித்திருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். கேட் பக்கம் வந்ததும் கை தானாக மேலே போகும். அம்மாவும் கல்யாணத்துக்கு முன் தங்கக்கல் அரைக்கிற மில்லில் கல் பொறுக்கியவள். குழந்தைகள் நாங்கள் அதையே விளையாட்டாக விளையாடுவோம்.

அவன் சிரித்தான். "பாத்தீங்களா, கை தானா போவுது. பழக்கப்பட்ட கை."

அம்மாவிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றோடு வேலை போயிற்று. லைனில் பெயர் 'ஸ்பூன் காமாட்சி'. பள்ளிக்கூடத்தில் நான் ஸ்பூன்காரி பொண்ணு. போன வருஷம் அம்மா செத்தபோது துக்கத்துக்கு வந்த ஒருத்தி வாசலில் கேட்கிறாள்: "இன்னா, நம்ம ஸ்பூன் காமாட்சியா?"

நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், காமாட்சி எடுக்கவில்லை என்று. அதை வாங்காமல் போவதில்லை.

மே 12, புதன்

ஆறு மணிக்கே வியர்வை. குழாயில் தண்ணீர் இல்லை, வாளியில் வந்தது.

காலை டிபனுக்கு உட்கார்ந்தோம். சர்க்கரைக் கிண்ணத்தில் அந்த ஸ்பூன். சிப்பி மாதிரி வாய். பிடியில் W என்று ஒரு எழுத்து. அம்மா சாகும் வரைக்கும் வர்ணித்த ஸ்பூன். எத்தனை தரம் புளி போட்டுத் தேய்த்திருப்பாள்.

சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அது துரைங்க காலத்து சாமான் மேடம். நடுவுல ஒருக்கா காணாம பூட்ச்சி. அப்பாலிக்கா சோபா மெத்தைய தெக்கறதுக்குப் பிரிச்சா, உள்ள கெடந்துது!" ஏதோ தமாஷ் போல.

"யாராவது எடுத்துட்டாங்கன்னு பேச்சு வந்திருக்குமே?"

"ஒரு ஆயா மேல சந்தேகம் இருந்துது."

"கெடைச்சதும் அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்கதான் அப்பவே நின்னுட்டாங்களே மேடம். இன்னாத்துக்குப் போய் சொல்றது?" டீ ஊற்றிக்கொண்டே.

ஸ்கெலட்டன் இங்கிருந்து கூப்பிடு தூரம். பாவி. நடந்து வந்து ஒரு வார்த்தை. அதற்குக்கூட ஆகவில்லை. அம்மா பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஸ்பூன் இங்கே சர்க்கரை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

ரூமுக்கு வந்து அழுதேன். இவரிடம் முழுக் கதையும் இப்போதுதான் சொன்னேன். முகம் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு, "நேரா கேட்டுடு" என்றார். நேராகக் கேட்டால் ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டு மெதுவாக ஒரு 'சாரி மேடம்' சொல்லிவிடுவான். அது யாருக்கு வேண்டும்?

கொசுவலை தைத்தாயிற்று. ஊசி நூல் கொடுத்தவள் ஸ்டெல்லா, இப்போது இங்கே ஆயா. ஆண்டர்சன்பேட்டைக்காரி. "மெட்ராஸா அக்கா? பேசறது நம்ம ஊரு மாதிரி கீதே" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

மே 13, வியாழன்

யோசித்துப் பார்த்த வழிகள்:
— டைனிங் ஹாலில் எழுந்து நின்று கத்துவது. (குரல் உடைந்துவிடும்.)
— அவன் சாம்பாரில் பேதி மாத்திரை. (இவர் யோசனை. மனுஷருக்கு எல்லாம் விளையாட்டு.)
— சிங்கத்தின் மிச்ச மூக்கை உடைப்பது.

எதுவும் போதாது.

மத்தியானச் சாப்பாட்டின்போது தரை உதறியது. தம்ளர்கள் கிணுகிணுத்தன. பாதாளத்தில் எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது. நாங்கள் பர்ஸ்ட் என்போம், பேசாமல் அடுத்த கவளம் எடுப்போம். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் குடும்பம் "பூகம்பம்" என்று அலறிக்கொண்டு தோட்டத்துக்கு ஓட்டம். அவர்களைச் சமாதானப்படுத்த வரதராஜு பின்னாலேயே. இவரும் ஓடினார், கையில் அப்பளத்தோடு. ஹாலில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எடுத்தேன். கைப்பைக்குள் போட்டேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தவன், "மேடம் பயப்படவே இல்லயே, நம்ம ஊரா?" என்றான். "கால் வலி" என்றேன்.

இனி அவன் என்னிடம் வரட்டும். பையைத் திறங்கள் என்று கேட்கட்டும். அதே போர்ட்டிகோவில், அத்தனை பேர் முன்னால், நான் யார் பெண் என்று சொல்லிவிட்டு இந்த ஸ்பூனை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டுவேன். நினைக்கவே வயிறு குளிர்ந்தது. ரசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 14, வெள்ளி

மேகமூட்டம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டி, வரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். போர்ட்டிகோவில் சத்தம். வந்துவிட்டான் என்று தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டு போனேன்.

அங்கே நின்றது ஸ்டெல்லா. இரண்டு கையும் மேலே. காலடியில் அவள் டிபன் பை கவிழ்ந்து கிடந்தது. பெங்களூர் குடும்பம் காபியோடு வேடிக்கை.

"நேத்து ஹால்ல நீ ஒருத்திதான் இருந்த. வேற யாரு இருந்தா?" வரதராஜு.

நான் இருந்தேனே. நான் இருந்தது அவனுக்கும் தெரியுமே. கேட்டானே, பயப்படவில்லையா என்று. என் நினைப்பே அவனுக்கு வரவில்லை. நானும் மடச்சி மாதிரி என்னைத்தான் பிடிப்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்பூன நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "ஐய, வெளாட்டுக்கு எடுத்து வச்சீங்களா மேடம்?"

பெங்களூர்க்காரரும் சிரித்தார். ஆயா எடுத்தால் திருட்டு. மேடம் எடுத்தால் விளையாட்டு.

ஸ்டெல்லா பக்கத்தில் போய் நின்று நானும் இரண்டு கையையும் தூக்கினேன். மெட்ராஸ் பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வெளாட்டு இல்ல. திருடினேன். எங்கிட்டதான் கீது. சோதனை போட்டு எடுத்துக்க."

"மேடம், இன்னா இது, நீங்க கெஸ்ட்டு..."

"நா ஸ்பூன் காமாட்சி பொண்ணு. இதே எடத்துல எங்கம்மாவ நிக்க வச்சியே. சோபாவுல கெடைச்ச ஸ்பூனுக்கு அவங்க சாவுற வரைக்கும் திருடின்னு பேரு. இப்ப சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். காமாட்சி எடுக்கலன்னு சொல்லு."

காபி டம்ளர்கள் அப்படியே நின்றன. அவன் முகம் வெளுத்தது. ஆமாம், சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

"எடுக்கல மேடம். காமாட்சி எடுக்கல. மன்னிச்சிடுங்க."

"ஸ்டெல்லாகிட்டயும் மன்னிப்பு கேளு."

அவளைப் பார்த்தான். கையை இன்னும் இறக்கவில்லை அவள். "போ, போய் டீ போடு" என்றான். உள்ளே போனவன் திரும்பி, "ஸ்பூன ரூம்லயே வச்சிட்டுப் போங்க மேடம், பரவால்ல" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. இவர் தோளைத் தட்டினார். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் பின்படியில் ஸ்டெல்லா. மன்னிப்புக் கேட்கப் போனேன். பாத்திரத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உங்கம்மாவுக்கோசரம் எடுத்தீங்க, சரிக்கா. நிக்க வச்சது என்னயத்தான."



மே 15, சனி

புழுக்கம். பெட்டி கட்டியாயிற்று. சோப்புப் பெட்டியை மறக்கக்கூடாது.

டீ கொண்டுவந்தது வேறு ஆள். சர்க்கரையில் எவர்சில்வர் ஸ்பூன். ஸ்டெல்லா கணக்கு முடித்துக்கொண்டாளாம். ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகும்போது கேட்டில் நின்று, யாரும் கேட்காமலே டிபன் பையைத் திறந்து வாட்ச்மேனிடம் காட்டினாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

வரதராஜுவை நேற்றைவிட இன்று அதிகம் வெறுக்கிறேன். என்னையும் கொஞ்சம்.

ஆட்டோ வந்தது. ஓடி வந்து என் பையை அவனே வாங்கி, இரண்டு கையாலும் பத்திரமாக சீட்டில் வைத்தான். "ஜாக்கிரதையாப் போங்க மேடம்."

ஸ்பூன் அதில்தான் இருந்தது.