மூன்று சுற்றுக்கும் மன்னிப்பு கேட்க மாட்டேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். தாளின் தலைப்பில் பந்தயச் சங்கத்தின் முத்திரையைப் பார்த்துப் பதறாதே. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி அவர்கள் கொடுத்த தாள் இது. வீணாக்குவானேன் என்று உனக்கு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. சத்தத்துக்கு வரம்பு வைத்தது நியாயம்தான், என் இரண்டு காதையும் தின்றது அந்தச் சத்தம், உன் பழைய ரேஸ் கார் சிவப்பியைக் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். காது விஷயத்தில் உன்னோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். பன்னிரண்டு வருடம் என் காரின் எஞ்சின் மேல் குனிந்து கிடந்தாய். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு ஜெயித்தால் போதும். அது என் தப்பு. ஆனால் காரைக் கொடுக்கச் சொல்கிறாயே, அது மட்டும் நடக்காது.

பழைய கார்கள் ஓடும் நாளுக்கு இந்த வருடம் புது விதி. வேலியோரம் வைத்த மீட்டரில் தொண்ணூற்றைந்து டெசிபலுக்கு மேல் காட்டக் கூடாது. சிவப்பி நூற்றுநான்கு காட்டினாள். சங்கச் செயலாளர், "சைலன்சர் மாட்டுங்க மேடம். இல்லன்னா கயிறு கட்டி நிறுத்தி வைங்க, ஜனங்க போட்டோ எடுத்துக்கட்டும்" என்றார். அது என்ன கன்றுக்குட்டியா? சரி என்று வெல்டரிடம் போய் ஒரு சைலன்சர் மாட்டினேன். அளவு இறங்கியது. ஆனால் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய வெல்டரே முகத்தைச் சுளித்தார். "அக்கா, தலகாணிய வச்சு மூஞ்ச அமுக்கின மாதிரி இருக்கு."

அந்தக் காலம் நினைவிருக்கிறதா? வைக்கோல் கட்டுதான் நமக்கு வேலி. எஞ்சினில் விளக்கெண்ணெய் எரிகிற வாசனை புடவையில் இரண்டு நாள் நிற்கும். வளைவில் கார் தலைகாட்டும் முன்பே, சத்தத்தை வைத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடுவாய். இப்போது எல்லாம் ஒரே மாதிரி மிக்ஸி ஓடுவதுபோல் வருகின்றன.

புகார் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். வேலிக்கு அந்தப் பக்க அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு நர்ஸ். சண்டை போடத்தான் படியேறினேன். கதவைத் திறந்தவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவள். "இத்தன வருஷமா சத்தம் போடுறீங்களே, ஒருத்தராவது வந்து எப்போ தூங்குவேன்னு கேட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் கேட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்துவிடுவாளாம். "அஞ்சு மணிக்கு நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்று எழுதியும் கொடுத்தாள்.

அந்தத் தாளைச் செயலாளரிடம் நீட்டினேன். நேரத்தை மாற்றித் தந்தார், அளவை மாற்ற மறுத்துவிட்டார். "யார் எழுதிக் குடுத்தாலும் விதி விதிதான் மேடம்." புகார் கொடுத்தவளே சரி என்ற பிறகு இந்த விதி யாருக்காக என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

பழைய கார் நாளன்று ஐந்து மணிக்குத் தளத்தில் நான் மட்டும்தான். சைலன்சரைக் கழற்றி வெல்டர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். அண்ணா, என்ன சொல்ல! மேடேறும்போது நெஞ்செலும்பே அதிர்ந்தது. முதல் சுற்றிலேயே கறுப்புக் கொடி காட்டினார்கள். உடனே வெளியே வா என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும். கண்டுகொள்ளாமல் மூன்று சுற்றையும் முடித்தேன். மூன்றாம் மாடி பால்கனியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நர்ஸ் நின்றிருந்தாள். பொத்திய கையை எடுக்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை.

என் பந்தய உரிமத்தை இரண்டு வருடம் நிறுத்திவிட்டார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஆறு மாதமாம். இப்போதே அறுபத்தொன்று. திரும்பக் கிடைக்கும்போது எனக்கு என்ன வயதாகும் என்று செயலாளர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எண்ணட்டும். வருந்தாத ஒன்றுக்கு வருந்துகிறேன் என்று எழுத என் கை வராது. நர்ஸ் வீட்டுக்குப் போய், இத்தனை வருடம் கேட்காததற்கு மன்னிப்பு கேட்டேன். அது அவளுக்கு உரியது, கேட்டேன். சங்கத்துக்கு ஒன்றும் பாக்கியில்லை.

அண்ணியும் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். மற்றவர்கள் பேசுவது கேட்கவில்லை என்று நீ சாப்பாட்டுக்குக்கூட அறையை விட்டு வருவதில்லையாம். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். சிவப்பியின் மூன்றாவது கியரில் ஒரு நடுக்கம் இருக்கிறது. வெல்டர் காதை வைத்து வைத்துப் பார்க்கிறார், பிடிபடவில்லை. உனக்குக் காது வேண்டாம், கியர் கம்பியில் உள்ளங்கையை வைத்தால் போதும். வா அண்ணா. எனக்கு வேறு மெக்கானிக் கிடையாது.

உன் அடங்காத தங்கை